ஏழாவது பாட்டில் பதினொரு விநாடி

துமகெத்தே
ஜூன் 8, 2003

மணிலாவில் ‘நண்டரசி’யாக மேடையேறும் திரு. கிரிசாந்தோ வில்யாரூஸ் அவர்களுக்கு,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. ஆனாலும் தெரியாதவள் என்று சொல்ல முடியாது. 1971-இல் ‘நண்டரசி’ படத்தில் லீனா தெல் மார் என்ற பெயரில் நடித்தவள் நான்தான். வீட்டில் வைத்த பெயர் லியோனிலா கலும்பாங். வயது ஐம்பத்தாறு. கணவர் காலமாகி ஐந்து வருடமாகிறது. இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆறு பெண்களுக்கு வீட்டில் இடம் கொடுத்துச் சமைத்துப் போடுகிறேன்.

அவர்களில் ரிசா என்பவள் உங்கள் நாடகப் பாட்டு சிடியை வாங்கி வந்தாள். “தீத்தா, இந்த அட்டையில இருக்கிற பழைய போட்டோவைப் பாருங்க. உங்க மூக்கு மாதிரியே இல்ல?” என்றாள். என் மூக்குதான் என்று சொன்னதும் அன்றைக்கு ஒருத்தியும் வகுப்புக்குப் போகவில்லை.

முழுவதும் கேட்டேன். நண்டுகள் கூட்டமாகப் பாடும் பாட்டு நன்றாக இருக்கிறது. அட்டையில் உங்கள் கொடுக்குகள் சிவப்பாக இருக்கின்றன. என்னுடையவை காகிதக் கூழில் செய்தவை, மண் நிறம். வேக வைத்த பிறகுதானே நண்டு சிவக்கும்? போகட்டும்.

நான் கேட்க வந்தது வேறு. ஏழாவது பாட்டில், கதையில் வரும் என் குழந்தையை அலை கொண்டுபோன பிறகு, “அலையே, அவளைத் திருப்பிக் கொடு” என்று நீங்கள் அழுகிறீர்கள். அந்த விக்கல்கூட என்னுடையது போலவே இருக்கிறது. உடனே ஜனங்கள் சிரிக்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், பதினொரு விநாடி. படம் வெளியான அன்று தியேட்டரிலும் இதே இடத்தில்தான் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் படத்தை அதன் பிறகு பார்க்கவே இல்லை.

கோபத்தில் எழுதவில்லை. ஏன் சிரிக்கிறார்கள் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
லியோனிலா கலும்பாங்

*

கெசோன் நகரம்
ஜூன் 20, 2003

என் அரசியே, மிஸ் லீனா அவர்களே,

உங்கள் கடிதத்தை ஒப்பனை அறையில் உரக்கப் படித்தேன். எங்கள் நண்டுகள் ஏழு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். “அடியே, பொய் சொல்லாத. அவங்க உயிரோடதான் இருக்காங்களா?” என்று ஒருத்தன் என் கையைக் கிள்ளினான். மன்னியுங்கள், உங்களை நாங்கள் தேடியிருக்க வேண்டும். யாரைக் கேட்டாலும் அமெரிக்கா போய்விட்டார் என்றார்கள்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒன்பது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைக்காட்சியில் ‘நண்டரசி’ போட்டார்கள். மறுநாளே அம்மாவின் போர்வையை உடம்பில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையிலும் இடுக்கியைப் பிடித்துக்கொண்டு தெருவில் அழுது நடித்தேன். அப்பா வெளுத்துவிட்டார். “ஆம்பளப் புள்ளைக்கு அழ வேற படம் கிடைக்கலியா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். அந்த விக்கல் அப்போது பிடித்துக்கொண்டது.

ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பொம்மையால்தான். அலை கொண்டுபோன பொம்மைக் குழந்தை மிதந்து திரும்பி வந்து உங்கள் காலடியிலேயே ஒதுங்குகிறது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு “திருப்பிக் கொடு” என்று கெஞ்சிக்கொண்டே இருக்கிறீர்கள். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். மேடையில் நாங்கள் பொம்மையைக் கம்பியில் கட்டி மூன்று முறை திரும்பி வர வைக்கிறோம். சிடியில் ‘தொப், தொப்’ என்று கேட்பது அதுதான். பதிவு செய்ய ஸ்டுடியோவுக்கு வழியில்லாமல் நூற்று நாற்பது பேர் உட்காரும் எங்கள் அரங்கிலேயே நாடகம் நடக்கும்போது பிடித்தோம். அதனால் சிரிப்பும் சேர்ந்து பதிவாகிவிட்டது.

நாங்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பிரியத்தால் சிரிக்கிறோம். நம்புங்கள். அந்தப் பெண்களைப் போல நானும் உங்களை அத்தை முறை வைத்துத் தீத்தா என்று கூப்பிடலாமா?

உங்கள் கொடுக்குகளின் வாரிசு,
சாந்தோய்

*

துமகெத்தே
ஜூலை 3, 2003

அன்புள்ள சாந்தோய்,

தீத்தா என்றே கூப்பிடுங்கள்.

பொம்மை திரும்பி வந்தது எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வருடமாக, என் அழுகைதான் அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. பாத்திரம் கழுவும்போது மறுபடியும் வந்தது. பிறகு ஏன் சிரித்தேன் என்று என் மேலேயே கோபம் வந்து, ஒரு தட்டை உடைத்துவிட்டேன். பிரியத்தால் சிரிப்பது என்றால் என்ன என்று இன்னும் புரியவில்லை.

அந்தக் காட்சியை சாம்பாலெஸ் கடற்கரையில் எடுத்தார்கள். பிப்ரவரி மாதம், காலை வேளை. அதற்கு மூன்று நாள் முன்புதான் என் மகளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவளுக்கு நான்கு மாதம். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கதாநாயகிக்குக் குழந்தை இருப்பது வெளியே தெரிந்தால் எல்லாம் போய்விடும் என்று என் மேனேஜர் அம்மாள் சொன்னாள். ஒரு பல் மருத்துவரும் அவர் மனைவியும் வந்து வாங்கிக்கொண்டார்கள். அந்த அம்மாள் நல்லவள். “பால் நேரம் மட்டும் சொல்லிடுங்க, போதும்” என்றாள். சொன்னேன்.

இயக்குநர் “அழும்மா” என்றார். கிளிசரின் கொண்டு வந்தவரை வேண்டாம் என்று கையைக் காட்டி அனுப்பினேன். கண்ணைத் திறந்தால் கேமராவைப் பார்த்துவிடுவேன் என்று மூடிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

என் கணவருக்குக்கூட இது தெரியாது. உங்களுக்கு ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை.

தீத்தா லியோனி

*

கெசோன் நகரம்
ஜூலை 19, 2003

அன்புள்ள தீத்தா,

உங்கள் கடிதம் நாடகத்துக்கு அரை மணி முன்னால் வந்தது. அப்போதே பிரித்திருக்கக் கூடாது. கொடுக்கு இரண்டும் இரண்டடி நீளம். மாட்டிய பிறகு மூக்கைக்கூடச் சொறிய முடியாது, கண்ணை எங்கே துடைப்பது? மை வழிந்த முகத்தோடு மேடை ஏறினேன்.

ஏழாவது பாட்டில் வாய் திறக்க முடியவில்லை. பொம்மை வந்து காலில் மோதிற்று. நான் அதை எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரங்கமே அடங்கிப்போனது. யாரோ இருமினார்கள். இது ஏதோ புது வேடிக்கை என்று இரண்டு பேர் சிரித்துப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். இசைக்குழு அந்த ஒரே வரியை ஆறு முறை வாசித்தது.

திரை விழுந்ததும் எங்கள் இயக்குநர் ஓடெத் வந்தாள். “என்னடா ஆச்சு உனக்கு? சிரிக்க வந்தவங்கள சாவு வீட்டுல உக்கார வெச்சுட்ட” என்றாள். நான் காரணம் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சிடி இரண்டாம் முறை அச்சாகப் போகிறது. ஏழாவது பாட்டை எடுத்துவிடச் சொல்லி ஓடெத்திடம் சண்டை போடலாம் என்றிருக்கிறேன். முடியாது என்றால் நாடகத்தை விட்டு விலகிவிடுகிறேன். ஒன்பது வயதிலிருந்து நான் போற்றி வந்தது உங்கள் அழுகையையா, அந்தப் பொம்மையையா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

சாந்தோய்

*

துமகெத்தே
ஜூலை 30, 2003

சாந்தோய்,

பாட்டை எடுக்கச் சொல்லி நான் எங்கேயாவது எழுதியிருந்தேனா? நாடகத்தை விடச் சொன்னேனா? ஏன் நீங்களாகவே முடிவு கட்டுகிறீர்கள்? முப்பத்திரண்டு வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்ததை ஒருவரிடம் சொன்னேன். சொன்ன உடனே அவர் அதை அழிக்கக் கிளம்பினால் நான் என்ன செய்வது? படச் சுருள் வெள்ளத்தில் அழுகிப்போய்விட்டது என்று கேள்வி. மிச்சம் இருப்பது உங்கள் தொண்டையில் இருப்பது மட்டும்தான்.

மன்னித்துக்கொள்ளுங்கள். சென்ற வாரமே ‘எடுத்துவிடுங்கள்’ என்று ஒரு கடிதம் எழுதி, பிறகு கிழித்துப் போட்டேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. துணி துவைக்கும்போது ரிசாவும் மற்றவர்களும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். வாயை மூடுங்கள் என்று கத்தினேன். மறுநாள் ஒருத்தியும் பாடவில்லை. “ஏன், பாட்டு மறந்துபோச்சா?” என்று நானே போய்க் கேட்டேன். “தீத்தா, நீங்க ஒண்ணு பாடச் சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க” என்றாள் ரிசா. அவள் கேட்டது நியாயம்தான்.

நான் கப்பல் ஏறி வருகிறேன். மணிலாவில் பாக்கோ பகுதியில் பெரியம்மா மகள் வீட்டில் தங்குவேன். ஆகஸ்ட் 16, சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம். சீட்டு நானே வாங்கிக்கொள்கிறேன். கடைசி வரிசையில் உட்காருவேன். யாரிடமும் சொல்ல வேண்டாம், மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். எப்போதும் போல் நடியுங்கள். பொம்மை மூன்று முறையும் வர வேண்டும்.

தீத்தா லியோனி

*

கெசோன் நகரம்
ஆகஸ்ட் 18, 2003

தீத்தா,

வந்தீர்களா?

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கண்ணை மூடினேன், கெஞ்சினேன், பொம்மை மூன்று முறையும் வந்தது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகும் கடைசி வரிசையில் ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. அது சிரிப்பா அழுகையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதினைந்து வருடமாக மேடையில் இருக்கிறேன், இருட்டில் எந்தச் சத்தம் வந்தாலும் இன்னது என்று தெரியும். இது தெரியவில்லை. வணக்கம் சொல்ல விளக்கைப் போட்டபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது.

நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? ஒரு வரி எழுதுங்கள்.

சாந்தோய்

*

துமகெத்தே
ஆகஸ்ட் 29, 2003

என் சாந்தோய்,

இனி உன்னை நீ என்றே எழுதுகிறேன்.

வந்தேன். அந்தக் குரல் என்னுடையதுதான். முதல் முறை பொம்மை வந்தபோது எழுந்து போய்விட நினைத்தேன். இரண்டாம் முறை, ‘அடி அசடே, கீழே பாரேன்’ என்று உன்னைப் பார்த்து மனசுக்குள் சொன்னேன். உன்னையா, என்னையா என்று தெரியவில்லை. மூன்றாம் முறை என்னால் அடக்க முடியவில்லை. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. நடுவில் என்ன ஆயிற்று என்று நானும் சொல்ல முடியாது.

பக்கத்தில் ஒரு பருத்த அம்மாள் இருந்தாள். கைக்குட்டையை நீட்டி, “மெதுவா, மெதுவா. இன்னும் பாதி நாடகம் இருக்கு. இப்பவே எல்லாத்தையும் தீத்துட்டா எப்படி?” என்றாள். நான் அவளிடம், “எனக்கு ஒரு மக இருக்கா” என்றேன். வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “எனக்கு நாலு. கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?” என்றாள். நான் தலையாட்டினேன். கடைசிப் பாட்டு முடிந்ததும் கிளம்பிவிட்டேன். நீ தவறு ஒன்றும் செய்யவில்லை. உன் எதிரில் வந்து நின்றால் நான் லீனாவா, லியோனிலாவா, யாராகப் பேசுவது என்று தெரியவில்லை. அதற்குப் பயந்துதான் போனேன்.

பல் மருத்துவரின் மனைவி கலிபோர்னியாவுக்குக் குடிபோன பிறகும், என் மேனேஜர் அம்மாள் இறக்கும் வரை, அவள் மூலமாக எனக்குக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பிக்கொண்டிருந்தாள். பதினேழு அட்டைகள். ஒன்றுக்கும் நான் பதில் போட்டதில்லை. எல்லாவற்றிலும் முகவரி இருக்கிறது. நேற்று ஒரு சிடியை உறையில் போட்டு, மேலே என் மகள் பெயரையும் கடைசி அட்டையில் இருந்த முகவரியையும் எழுதினேன். மாரிவிக். அவளுக்கு இந்த அக்டோபரில் முப்பத்து மூன்று வயது ஆகும். அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. துண்டுச் சீட்டில் இவ்வளவுதான் எழுதினேன்: ‘ஏழாவது பாட்டில் ஒருவர் அழுவார். அதை முதலில் அழுதது நான். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம்.’ கீழே என் பெயரும் முகவரியும்.

தபால் நிலையத்தில் கொடுத்துவிட்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்து, அந்த உறையை மறுபடி கொடுங்கள் என்று கேட்டேன். கவுண்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “மூட்டை கட்டியாச்சு அம்மா. முகவரி தப்பா?” என்றாள்.

தெரியவில்லை என்று சொன்னேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

உன்
லியோனிலா