கரைக்கு வராத விரல்கள்

அக்டோபர் 14
கடல் பொங்கினால் படகை மேட்டுக்கு இழுக்க ஆள் வேண்டும். அண்ணன் சிலம்பரசன் இன்னமும் வீடு வீடாகப் போய் வாசலில் நிற்கிறான். வீராம்பட்டினத்து வழக்கம் அது. வாய் திறந்து கேட்கக்கூட மாட்டார்கள், நின்றால் போதும். 2025-இல் இப்படி ஒரு நெட்வொர்க். வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டேன்.

அக்டோபர் 15
ஊரே சேர்ந்துவிட்டது. அண்ணன் மட்டும் முனகினான். "மூஞ்சியப் பாத்தா வருவான்டா. இதுல வருவானா?"
"வருவான். நீ போனைப் பாரு."

அக்டோபர் 21
'அண்ணன் படகு இழுக்கணும், உடனே வாங்க' என்று போட்டேன். நொடியில் கட்டைவிரல் குறிகள். கரைக்கு ஓடினோம். ஒருத்தரும் இல்லை. நான், அண்ணன், அண்ணி. ஃபைபர் படகு இம்மியும் நகரவில்லை. போனில் மட்டும் விரல்கள் ஏறிக்கொண்டே இருந்தன. பகல் வேளை, கரையில் ஒரு மனிதக் குரல் இல்லை.
படகைக் கடல் கொண்டுபோச்சு. அண்ணன் போனும் அதில்தான் இருந்தது.

அக்டோபர் 22
ஏன் வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்டேன்.
கன்னியப்பன் மாமா: "அத்தினி பேரு வெரலு போட்டிருந்தாங்களேப்பா. ஆளு போதும்னு இருந்துட்டேன்."
அடுத்த வீட்டில் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும், அதே சொற்கள், அதே நிதானம். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னவோ போல இருக்கிறது.

அக்டோபர் 30
அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. கூலிக்குப் போகிறான். படகுக் கடன் அப்படியே நிற்கிறது.

நவம்பர் 27
காலையிலிருந்து காற்று. கன்னியப்பன் மாமா குழுவில் போட்டிருந்தார்: 'என் படகு. வாங்கப்பா.' விரல்கள் ஏறின. அதில் என்னுடையதும் இருந்தது. எப்போது போட்டேன்? நாற்காலியை விட்டு எழவே இல்லையே நான்.
அதற்குக் கீழே அண்ணன் பெயரில் ஒரு விரல்.
அவன் போன் கடலில் கிடக்கிறது. புது சிம் வாங்கவில்லை. வேறு எதிலாவது லாகின் இருக்குமோ என்றால், அவனிடம் வேறு எதுவுமே கிடையாது. என்னடா இது—
போனை வீட்டிலேயே வைத்துவிட்டு பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அண்ணன் வாசலில் நின்றேன். அவன் வெளியே வந்தான். என் முகத்தையே பார்த்தான். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினான். அடுத்த வாசலில் இருவராக நின்றோம்.

நவம்பர் 28
மாமா படகு மேட்டில் இருக்கிறது. கடல் அடங்கியதும் அண்ணன் அதில் மீன் பங்குக்குப் போகிறான். "வரியா, சாப்ட்டுட்டுப் போ" என்றான்.
குழுவை இன்னும் கலைக்கவில்லை. திறந்து பார்க்கத்தான் கை வரவில்லை.