ஓடாத பெல்ட்டை நிறுத்தியது

மந்தாரக்குப்பம்
வியாழன், மத்தியானம்

நான்தான் இழுத்தேன். அப்பா உன்னிடம் போனில் சொன்னது சரி, மெஷின் கெடவில்லை, கரண்ட்டும் போகவில்லை, அம்மா இழுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அன்புள்ள மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம், அப்பாவின் இடது கையைத் தவிர. அங்கே உன் நலமும், உன்னோடு தங்கியிருக்கும் பெண்களின் நலமும், உன் முதுகுவலி என்ன நிலையில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இதையெல்லாம் போனில் பேச முடியவில்லை. அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் பேசும்போதும் பக்கத்திலேயே நின்று நான் சொல்வதற்கும் நீ சொல்வதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். தலையை ஆட்டுகிறவரைப் பற்றி அவர் முன்னாலேயே என்ன சொல்வது. லீவில் வந்த உன் தோழி சரிதா ஞாயிற்றுக்கிழமை அயர்லாந்துக்குத் திரும்புகிறாள். பருப்புப் பொடியோடு இதுவும் வரும். உணர்ச்சி இல்லாத கையை வைத்துக்கொண்டு அந்த மெஷின் பக்கம் போகவே கூடாது, அடுத்த தடவை நான் பேசும்போது அது காயலான் கடையில் இருக்க வேண்டும் என்று சொன்னாய். நர்ஸாகச் சொன்னாயா மகளாகச் சொன்னாயா தெரியவில்லை, இரண்டு பேரும் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ அந்த மெஷினைப் பார்த்ததில்லை, அண்ணன் அனுப்பிய போட்டோவில் முக்கால்வாசி அண்ணன்தான் நிற்கிறான். பழைய இரும்புக் கட்டிலை அறுத்துச் செய்த சட்டம். அதன் மேல் மூன்று உருளை. உருளைகளைச் சுற்றி மூன்று விரல் அகலத்தில் உப்புத்தாள் பெல்ட். அது ஓடும்போது இரும்புத் தகட்டை அதில் அழுத்தினால் தேயும், தேய்ந்து தேய்ந்து கத்தியாகும். மோட்டார் என்னுடைய மாவு கிரைண்டரில் இருந்தது. என்னைக் கேட்டுத்தான் எடுத்தார். எடுத்த பிறகு கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் பாக்கெட் மாவு, அது எத்தனை நாள் வைத்தாலும் புளிப்பதில்லை, அதற்குள் என்ன போடுகிறார்கள் என்று தெரியவில்லை.

அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்த வாடகை வீட்டுக்கு வந்த மழையில் ஸ்ட்ரோக் வந்தது உனக்குத் தெரியும். கால் திரும்பி வந்தது. பேச்சு திரும்பி வந்தது. இடது கை அசைகிறது, பிடிக்கவும் பிடிக்கிறது, எதைப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதற்குப் பிறகு நீ போன் செய்தபோதெல்லாம் ஓய்வெடுக்கிறார் என்று சொன்னேன். அதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஷிப்டு நேரத்துக்கு எழுந்து, குளித்து, முழுக்கைச் சட்டை போட்டு, முன்னறையில் நாற்காலியில் உட்காருவார். ஷிப்டு முடிகிற நேரத்துக்குச் சட்டையைக் கழற்றுவார். நடுவில் ஒன்றும் இல்லை. டிவி கூட இல்லை. டாக்டர் கையை வேலையில் வைத்திருக்கச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டேன். பந்தை அழுத்தலாம் என்றார். பந்து வாங்கினோம். அது நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் பலாப்பழம் அறுத்து விற்கிற வீரம்மாள்தான் ஒருநாள் கத்தியோடு வந்தாள். இன்னாண்ணே, சும்மாதானே குந்திகினு இருக்கீங்க, இதக் கொஞ்சம் தீட்டிக் குடுங்களேன், பழத்த அறுக்கச் சொன்னா கடிக்குது என்றாள். சாணைக்கல்லை எடுத்து உட்கார்ந்தார். இடது கை கத்தியை நழுவவிட்டது. எடுத்தார், மறுபடியும் நழுவியது. வீரம்மாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல மனுஷி. அன்று சாயங்காலமே அண்ணனின் போனை வாங்கி ஒரு வீடியோ பார்த்தார். யாரோ ஒரு தாடிக்காரன், தன் வீட்டுக் கொட்டகையில் இந்த மெஷினைச் செய்கிறான். அவன் பேசுவது அப்பாவுக்குப் புரியாது, அதனால் சத்தத்தை மூடிவிட்டார். பெல்ட் ஓடுறதப் பாக்க சத்தம் எதுக்கு என்றார். கடைசிவரை பார்த்துவிட்டு ஒரே ஒரு குறைதான் சொன்னார். பெல்ட்டுக்குக் கயிறே கட்டல, இவன எவன் ஷிப்டுல வச்சான்.

கயிறு பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா பணிக்காலம் முழுக்க மைன்ஸில் பார்த்த நிலக்கரி பெல்ட் மைல்கணக்கில் ஓடுவது. அதன் பக்கத்திலேயே ஒரு கயிறும் கூட ஓடும். எந்த இடத்தில் யாருக்கு ஆபத்து என்று பட்டாலும் அந்த இடத்திலேயே கயிற்றை இழுத்தால் பெல்ட் முழுவதும் நிற்கும். இழுத்தவரை ஏன் இழுத்தாய் என்று யாரும் திட்டக்கூடாது. இழுத்தவரே வந்து விடுவித்தால்தான் மறுபடியும் ஓட்டுவார்கள். இது எழுதி வைத்த சட்டமா, அப்பாவின் ஷிப்டில் மட்டும் இருந்த வழக்கமா, எனக்குத் தெரியாது. நம் பின்பக்கத்தில் இப்போது இது சட்டம். மெஷின் என் இடுப்பு உயரம்தான். கயிறோ மெஷினில் தொடங்கி, மதில் சுவரோடு போய், துவைக்கிற கல்லைத் தாண்டி, பாத்ரூம் வாசலில் திரும்பி, சமையலறைக் கதவில் முடிகிறது. இழுத்தால் ஒரு தாழ்ப்பாள் டக்கென்று கீழே விழும், மோட்டார் நிற்கும். கையால் தூக்கிவிட்டால்தான் மறுபடி ஓடும்.

ஓட்டுவதற்கு முன் ஹாரனும் அடிப்பார், மைன்ஸில் சைரன் ஊதுவார்கள் இல்லையா, அதற்காக. ரப்பர் பந்து வைத்த பழைய ஆட்டோ ஹாரன். அடித்துவிட்டு, யாராவது பெல்ட் மேல் இருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார். முதல் நாள் வீட்டுக்காரர் மனைவி நாகம்மாள் பாத்திரத்தோடு ஓடிவந்தாள், மீன்காரர் என்று நினைத்து. மறுநாளும் வந்தாள். மூன்றாவதாக வீட்டுக்காரரே, பாவாடை என்று பெயர், வந்து, இன்னாங்க இது, வாடகைக்கு விட்டது வூடா மில்லாங்க என்றார். அப்பா அவர் வீட்டு அரிவாளை வாங்கித் தீட்டிக் கொடுத்தார். அதன் பிறகு பாவாடை ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் மெஷினே வேலை செய்யவில்லை. மைன்ஸ் பெல்ட்டின் வேகத்திலேயே ஓடவிட்டிருந்தார். அவருக்குத் தெரிந்த வேகம் அதுதான். லேத் வைத்திருக்கும் மதிவாணன் பார்த்துவிட்டு, அண்ணே, இது கரி ஏத்துற வேகம், கத்திய வச்சீங்கன்னா கத்தி கரி கொட்டுற பங்கருக்குப் போய்ச் சேரும், கூர் வராது என்றான். அப்பா சிரித்தார். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவர் வாய் சிரிக்கும்போது எந்தப் பக்கம் போகிறது என்று அன்றுதான் பார்த்தேன். பெரிய சக்கரத்தை மாட்டி வேகத்தைக் கூட்டினார்கள். பிறகு பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிக் கழன்று விழுந்தது. அப்படி விழாமலிருக்க மேல் உருளையை நடுவில் மயிரிழை மேடாகக் கடைய வேண்டும் என்று அப்பாவே சொன்னார். பெல்ட்டு எப்பவும் மேட்டப் பாத்துத்தான் ஏறும் மாரியம்மா, மேட்ட நடுவுல வச்சா நடுவுலயே ஓடும். சொல்லும்போது இடது கை உயர்ந்து அந்த மேட்டைக் காட்டியது. கையை உயர்த்தியது அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

முதல் தடவை கயிற்றை இழுத்தது ஒரு துண்டு. பின்பக்கத்தில் துணி காயப்போட வேறு கொடி எங்கே இருக்கிறது. ஈரத்துண்டைப் போட்டேன், மெஷின் நின்றது. அப்பா சமையலறை வாசலுக்கு வந்து, இழுத்தது யாரு என்றார். வீட்டில் நாங்கள் இரண்டே பேர் இருந்தோம். துண்டு என்றேன். அப்ப துண்டுதான் வந்து தூக்கி விடணும் என்றார். துண்டைப் பிழிந்து வேறு இடத்தில் போட்டுவிட்டு, துண்டின் சார்பாக நான் போய்த் தாழைத் தூக்கி விட்டேன். ஹாரன் அடித்தார். ஓடியது.

இரண்டாவது தடவைதான் நான். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நகம் வெட்டுவது வழக்கம். இடது கையை எடுத்து மடியில் வைத்தேன். விரல் நுனிகளில் தோல் வெள்ளையாகக் கொப்பளித்திருந்தது. ஒன்று உடைந்திருந்தது. தேய்க்கும்போது தகடு சூடாகும், சாதாரண மனிதன் கை சுட்டதும் தண்ணீரில் முக்குவான். இவருக்குச் சுடுவது தெரியவில்லை, பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். என்னங்க இது என்றேன். குனிந்து பார்த்தார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் கையைப் பார்ப்பதுபோல. எம்.ஏ. படித்தபோது புலனறிவு பற்றி எனக்கு ஒரு பேப்பர் இருந்தது. நல்ல மார்க். அந்த நேரத்தில் அதிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. களிம்பு போட்டேன். எழுந்து போனேன். கயிற்றை இழுத்தேன். மெஷின் அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டு, ஓடாத பெல்ட்ட யாராச்சும் நிறுத்துவாங்களா என்று உள்ளேயிருந்து கேட்டார். நிறுத்துவாங்க என்றேன்.

அன்றிலிருந்து நிற்கிறது. தூக்கிவிட ஒரு விரல் போதும், வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, தாழ்ப்பாளைத் தொடாமல் ஒயரை வேறு வழியாக இணைக்கவும் அவருக்குத் தெரியாதா. தொடவில்லை. காலையில் போய் மெஷின் மேல் இருக்கும் தூசியைத் துடைப்பார், தாழ்ப்பாளைப் பார்ப்பார், திரும்பி வருவார். நான் தூக்கி விடட்டுமாப்பா என்றான் உன் அண்ணன். இழுத்தவங்க இருக்காங்க என்றார். என்னைத் தூக்கிவிடச் சொல்லியும் கேட்கவில்லை. கேட்பதும் திட்டுவதில் சேரும்போலிருக்கிறது. நேற்று முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நீ சொன்னபடி செய்துவிடலாம் என்று நேற்று மத்தியானம் முடிவே செய்தேன். கையா மனிதரா, இரண்டில் எதைப் பார்ப்பது என்றால், கை என்று சொல்வது சுலபமாக இருந்தது. அவர் பாதியில் விட்ட கத்தி மெஷின் பக்கத்தில் கிடந்தது, லாரியின் ஸ்பிரிங் பட்டையில் செய்தது. அதை எடுத்துப் பார்த்தேன். வீரம்மாளுக்குச் செய்து கொடுத்த கத்தியில் கூருக்கான சரிவு வலப்பக்கம் இருக்கும், இடப்பக்கம் தட்டை. இதில் மாறி இருந்தது. கைதான் தவறியிருக்கிறது, பக்கமே தெரியாமல் தேய்த்திருக்கிறார் என்று நினைத்தேன். இது போதும், இதைக் காட்டினால் அவரே ஒத்துக்கொள்வார். புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு முதலில் மதிவாணனிடம் போனேன், ஒரு சாட்சிக்கு. பாரு தம்பி, தப்பாகத் தேய்த்திருக்கிறார் என்றேன். அவன் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, தப்பு இல்ல அண்ணி, சரியாத்தான் இருக்கு, இது பீச்சாங்கைக்காரங்களுக்கு, உங்க வூட்டுல யாரு பீச்சாங்கை என்றான்.

கடைகளில் வாங்கும் கத்தி உன் இடது கைக்கு வழுக்கிக்கொண்டு போகிறது, வெங்காயம் நேராக வெட்ட முடியவில்லை என்று எப்போதோ என்னிடம் போனில் சொன்னாய். அவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டியிருப்பார்.

எனவே காயலான் கடை இல்லை. கோபப்படாதே. மதிவாணனிடமே ஒரு மரப்பிடி செய்து வாங்கினேன், கத்தியை அதில் இறுக்கி வைத்துக்கொள்ளலாம், விரல் இரும்பில் படாது. கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். கையுறை கூடாது, பெல்ட் இழுத்துக்கொள்ளும் என்றான். நான் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் கத்தியை நான் தொட்டுப் பார்ப்பேன், சுட்டால் தண்ணீர் என்று சொல்வேன். சுடுவது இரண்டு பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். கயிற்றின் நுனி என்னிடம் இருக்கும். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், நர்ஸ் என்ற முறையில்.

மற்றபடி, அண்ணனுக்கு இன்னும் கான்ட்ராக்ட்தான். பெர்மனென்ட் என்ற பேச்சு வந்து போகிறது. நீ நைட் டியூட்டி முடிந்து வந்ததும் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் படுக்காதே. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. உடம்பும் மனசும் குறைவில்லாமல், கைகால் சுகத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் எப்போதும் உண்டு.

ஒன்றை மறக்காதே. கத்தி சரிதாவோடு வராது, இன்னும் பாதி இருக்கிறது. எப்போதாவது வந்தால் வாங்கிக்கொள். அது உனக்கு என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நீயும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. வெங்காயம் நேராக வருகிறது என்று மட்டும் சொல். ஸ்பீக்கரில் இருப்பார்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மாரியம்மாள் ராயப்பன்

இதை எழுதி முடித்ததும் பின்பக்கம் போய்த் தாழ்ப்பாளைத் தூக்கி விட்டேன். சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். மரப்பிடியைக் கொடுத்தேன், நிபந்தனைகளைச் சொன்னேன். தலையை ஆட்டினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஹாரன் அடித்தார். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் முன்னறைக்குப் போய் அவருடைய நாற்காலியை எடுத்துவந்து மெஷின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.