ஒரு அளவு பெரிய சீட்

இன்று காலை மகளின் கையுறைகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பெட்ரோலும் எண்ணெயும் கலந்த வாடை குளியலறை முழுக்க ஏறியது. உன்னிடம் எப்போதும் அடிக்கும் வாடை. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. போன வருடம் எலிக்காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டவளிடம் கோபப்படக் கூடாது என்கிறாள் என் அம்மா. படுவேன். நேற்று நடந்ததைக் கேட்டால் உனக்கே தெரியும்.

வலியசாலையில் ஒரே தெருவில் வளர்ந்த நமக்கு, நடுவயதில் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டிப் பைத்தியம் பிடித்தது உன்னால்தான். விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதும் சர்வேயர் நீ. வண்டியைக் கண்டாலே வெறுத்துப் போயிருக்க வேண்டும். நீயோ, யார் யாருடைய பிள்ளைகளோ ஓட்டி வளர்ந்துவிட்டதால் விலைக்கு வந்த குட்டிக் கார்ட்டுகளைத் தேடித் தேடி வாங்கினாய். ஒரு வண்டியை எங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் இறக்கச் சொன்னாய். மூன்று சக்கரம்தான் தரையைத் தொட்டது. “பிள்ளை ஏறி உக்காந்தா சரியாயிடும் மேடம்” என்றான் விற்க வந்தவன். “பிள்ளை ஏறினா பிள்ளையும் கோணிப்போகும்” என்று திருப்பி அனுப்பினாய்.

கல்லாறு போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம், பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க நமக்குக் கிடைத்தது. கல்யாணம் இல்லாத நாட்களில்தான் ஓட்ட முடியும். கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், கல்யாணமே இல்லை என்று சந்தோஷப்பட்டால், மழை பிய்த்துக்கொண்டு கொட்டும். முதல் மூன்று வாரம் எஞ்சினையே கிளப்ப விடமாட்டாய். குனிந்து தள்ளிக்கொண்டே ஓடுவாய், பிள்ளைகள் பிரேக் மட்டும் போடுவார்கள். “மொதல்ல நிக்கக் கத்துக்கட்டும்” என்பாய்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, நான் மூக்கை நுழைக்கும்வரை.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளிச் சீருடையை இரண்டு வருடத்துக்குச் சேர்த்துப் பெரிதாக எடுத்து, ஓரத்தை மடித்துத் தைக்கிற வீடு எங்களுடையது. அவள் கார்ட்டின் சீட்டையும் ஒரு அளவு பெரிதாகப் போடலாம் என்றேன்.

“வளர்ற குழந்தைடி. ஆறு மாசத்துல பத்தாமப் போயிடும்.”

“பாவாடையை மடிச்சுத் தைப்பே, சீட்டை மடிப்பியோ? இதுல பெல்ட்டே கிடையாது. சீட்தான் குழந்தையைப் பிடிச்சுக்கணும், கேட்டியா?”

கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் உனக்குத் தெரியாமல் பெரிய சீட்டை மாட்டி, முதுகுக்கு ஒரு தலையணையைச் செருகினேன். மறுநாள் நீ வந்து சேர்வதற்கு முன்பே அவளை ஓட்டவும் விட்டேன். இரண்டாவது வளைவில் தலையணை நழுவி, சீட்டின் விளிம்பு அவள் விலாவில் இடித்தது. எலும்பில் கீறல்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் எல்லார் முன்னாலும் கத்தினார். “யார் இந்த சீட்டைப் போட்டது?” நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். “நான்தான். அளவு தப்பிடுத்து” என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். அப்போதும் திறக்கவில்லை. “நேக்கு ஒரு நாள் வசவு. நோக்கு ஆயுசுக்கும் கேக்கணும். விடு” என்று நீயே முடித்துவிட்டாய்.

யாரடி கேட்டார்கள் உன்னை? என் பழியைத் தூக்கி உன் தலையில் போட்டுக்கொள்ள நீ யார்? நான் கோழைதான். ஆனால் உன் பெருந்தன்மையால் கோழையாகவே வசதியாக இருந்துவிட்டேனே! உன் சாவு வீட்டில்கூட, ‘நல்லவள்தான், அளவில்தான் கவனம் போதாது’ என்று யாரோ சொன்னபோது காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அதே மண்டபத்துக்குத் தம்பானூரில் ஓட்டல் நடத்தும் ஒருவர் பழைய கார்ட் ஒன்றோடு வந்தார். ஆறு வயது மகன் அதில் முழுகிக் கிடந்தான். சீட் பெரிது என்று யாரோ சொன்னதற்கு அவர் சிரித்தார். “முன்ன இங்க ஒரு சர்வேயரம்மா இருந்தாங்கல்லே? அவங்களுக்கே அளவு தப்பி ஒரு பிள்ளைக்கு எலும்பு கீறிச்சு. நாம எம்மாத்திரம்? ஒரு தலவாணி வெச்சாப் போதும்.”

என் பொய் அந்தக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார இருந்தது. எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. “அவளுக்கு அளவு தப்பலை! அவ வேண்டாம்னு சொன்னா. திருட்டுத்தனமா மாட்டினது நான். தலையணை வெச்சதும் நான். இறக்குங்கோ குழந்தையை!” என் கணவர் அங்கேதான் நின்றார். இன்னும் என்னோடு பேசவில்லை. குழந்தையை இறக்கினார்கள்.

திரும்பி வரும்போது காரில், உன்னைச் சித்தி என்றே கூப்பிடும் மகள் மெதுவாகச் சொன்னாள். “எனக்கு அப்பவே அறியாம் அம்மா, நீதான் மாட்டினேன்னு தெரியும். ஆஸ்பத்திரில சித்தி சொன்னா, அம்மாவே ஒரு நாள் சொல்லுவா, அதுவரைக்கும் நீ யாரிட்டயும் வாயைத் திறந்து மிண்டாதேன்னு.”

இதை நீ என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா, பாவி? ஏழு வயதுக் குழந்தையிடம் சொல்லத் தெரிந்தது, என்னிடம் சொல்லத் தெரியவில்லையா? நான் சொல்லுவேன் என்று நம்பியவள், நான் சொல்லும்வரை இருந்திருக்க வேண்டாமா?

சொல்லிவிட்டேன்டி. எல்லாரும் கேட்டார்கள், உன்னைத் தவிர.