கல்லில் ஒரு தேநீர் வட்டம்

யே என்னும் ஊர், விக்டோரியா, ஆஸ்திரேலியா

அன்புள்ள மெரில்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை.

சாலைக்காக நாங்கள் மலையை வெட்டியபோது கிடைத்த தட்டைக் கல்லில்தான் ஒரு மாதமாக என் தேநீர்க் குவளையை வைத்துவந்தேன். நேற்று வந்த அருங்காட்சியகப் பெண் அதைத் திருப்பிப் பார்த்துக் கத்தியேவிட்டாள். அடியில் பாரக்வனாத்தியா என்ற செடியின் அச்சாம். உலகத்தில் மரமே இல்லாத காலத்துச் செடி. உடனே மூன்று வாரம் வேலையை நிறுத்தச் சொன்னாள்.

“நாப்பது கோடி வருஷமா காத்துக்கிட்டிருக்கு, நீங்க மூணு வாரம் பொறுக்கக் கூடாதா?” என்றாள்.

“அதுக்கு வீடு வாசல் இல்லம்மா, எங்களுக்கு இருக்கே!” என்றார் மேஸ்திரி டெஸ்மண்ட்.

வீணாகும் நாட்களுக்கு ஈடாக கிறிஸ்துமஸிலும் எங்களுக்கு வேலை, வீட்டுக்கு வர முடியாது. கவலைப்படாதே, டிசம்பர் வெயிலுக்கு என் பழைய தொப்பியை மட்டும் அனுப்பு.

கல்லைக் கழுவிக் கொடுக்கப் போனேன், அந்தப் பெண் விடவில்லை. என் தேநீர் வட்டத்தோடுதான் பெட்டியில் போனது.

தபால் வண்டி வந்துவிட்டது. நம் சாப்பாட்டு மேசையில் என் குவளை விட்ட வட்டம் ஏதாவது மிச்சமிருந்தால், நான் வரும்வரை துடைக்காதே.

கிளைவ்