நான்காவது கணினியின் பங்கு

1998, புதன், ஆயுத பூஜை. ஸ்ரீவில்லிபுத்தூர்.

நான்கு கணினிகளில் ஒன்று நின்றுபோனால் அதன் பங்கு வேலையை மற்ற மூன்றும் எடுத்துக்கொள்ளுமா? எனக்குத் தெரியவில்லை. அப்படித்தான் நிரல் எழுதினேன், சோதித்துப் பார்க்கவில்லை.

ராஜபாளையம் கல்லூரி ஆய்வகத்தில் என் ஆய்வுக்கான கணக்கு இரண்டு நாட்களாக நான்கிலும் சேர்ந்து ஓடுகிறது. வெள்ளிக்கிழமை விடையைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் ஆறு வருட முனைவர் பட்டப் பதிவு ரத்தாகிவிடும்.

மாலையில் போனபோது உதவியாளர் பேச்சியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். நான்காவது கணினி அணைந்திருந்தது.

"என்ன செஞ்ச?"

"இன்னைக்கு மிஷினுக்கு லீவு டீச்சர். மில்லுல அம்புட்டுப் பெரிய மிஷினே நிக்குது. ஓடுற மிஷினுக்கா பொட்டு வைப்பாக?"

"மத்த மூணையும் தொடாத."

"அப்ப அதுகளுக்குச் சாமி வேண்டாமாக்கும்?"

ஓடிக்கொண்டிருந்த மூன்றுக்கும் நானே பொட்டு வைத்தேன். அவளை வெளியே அனுப்ப வேறு வழி தெரியவில்லை. அதன் பங்கை மற்றவை எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நான்காவதை அணைந்தபடியே விட்டேன்.

வியாழன்.

மூன்றும் தங்கள் பங்கை முடித்துவிட்டு, நான்காவதற்காகச் சும்மா காத்திருந்தன.

"என்னாலயா டீச்சர்?"

"இல்ல. நான் எழுதினதுல தப்பு."

உண்மைதான். விடுபட்ட பங்கை நான்காகப் பிரித்து, காலை ஏழு மணிக்கு எல்லாவற்றிலும் ஏற்றினேன். இரவு எட்டு மணிக்கு விடை வந்தது. அதுவரை வாசலைவிட்டு நகராத பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இப்பவாச்சும் அணைக்கட்டா டீச்சர்?"