மன்னிக்கும் அதிகாரம்

பாரிஸ்,
6.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தவசீலன் எழுதுவது. நலம் என்று எழுத முடியாது, ஒரு பல் போய்விட்டது. போனில் என்னைப் பேசவிடமாட்டீர்கள், அதுதான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை லூயி-பிளாங் தெருவில் எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டம். கூட்டமென்ன, தலைவர் கதிரைக்கான சண்டை. தேர்தல் எப்போது என்று கேட்ட மடுத்தீன் அண்ணையின் மண்டையை உடைத்தார்கள். விதி போடுவதும் தலைவர் தவரத்தினம், தீர்ப்புச் சொல்வதும் தவரத்தினம், அடிக்க ஆள் அனுப்புவதும் அவர்தான். கடைசியில் சனம் திரண்டு அவரைத் துரத்திவிட்டது. சங்கத்துக்குப் புதுச் சட்ட யாப்பு எழுதும் வேலை என் தலையில். நீங்கள் அமெரிக்கக் குடியுரிமைக்குப் படித்தவர். அங்கே தலைவர் ஆட்டம் போடாமல் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

தம்பி, தவசீலன்

நியூ ஜெர்சி,
19.2.2024

அன்புத் தம்பி,

பல் போனதற்கு அழுவதா, இப்போதாவது உனக்குப் புத்தி வந்ததற்குச் சிரிப்பதா? கேள். சட்டம் போடுபவர்கள் வேறு, நடத்துபவர் வேறு, தீர்ப்புச் சொல்பவர்கள் வேறு. ஒருவர் எல்லை மீறினால் மற்றவர் கையைப் பிடிக்க வேண்டும். எவரும் சட்டத்துக்கு மேலே இல்லை. பிழைவிட்டால் தலைவரையும் விசாரித்து இறக்கலாம். அதிகாரம் சனத்துடையது, தலைவருக்கு அது இரவல்தான்.

தண்டனை பெற்றவரை மன்னிக்கும் அதிகாரமும் இங்கே தலைவருக்கு உண்டு. அதை மட்டும் சேர்க்காதே, உன் குணம் எனக்குத் தெரியும். நாளைக்குத் தவரத்தினமே திரும்பி வந்து அந்தக் கதிரையில் இருப்பார் என்று நினைத்து ஒவ்வொரு வரியையும் எழுது.

அக்கா, யோகராணி

பாரிஸ்,
10.6.2024

அன்புள்ள அக்கா,

நான்தான் தலைவர்! யாப்பு நீங்கள் சொன்னபடியே. மன்னிப்பையும் சேர்த்துவிட்டேன், தலைவர் என்றால் ஒரு மரியாதை வேண்டாமா? நல்லவேளை சேர்த்தேன். போன கிழமை பெர்தொனே தெருவில் தவரத்தினத்தின் மருமகன் ரோமன் என்னைப் பற்றி நக்கலடிக்க, நம் யதுர்ஷன் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். ரோமனுக்கு ஒரு கண் போய்விட்டது. ஊர்ப் பிரச்சினையை நாங்கள் பொலிசுக்குக் கொண்டுபோவதில்லை, தெரியும்தானே. ஆனால் சங்கத்தின் நீதிக்குழு, யதுர்ஷன் பொலிசில் சரணடைய வேண்டும் என்றது. நான் என் மகனை மன்னித்துவிட்டேன். எல்லாம் சட்டப்படி.

தவசீலன்

நியூ ஜெர்சி,
22.6.2024

தம்பி,

கண் ரோமனுடையது. மன்னிக்க நீ யார்? தன் வீட்டு வழக்கில் தானே நீதவானாக இருக்கக் கூடாது என்பதற்குத்தானே அவ்வளவு அதிகாரப் பிரிவும்! பக்கத்தில் இருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன். எனக்கும் அவன் பிள்ளைதான். இருந்தும் சொல்கிறேன், இன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போ.

அக்கா

பாரிஸ்,
14.7.2024

அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ரோமனின் தம்பி ஜோனத்தான் நியாயம் கேட்டு என் கடைக்கு வந்தான். வெறுங்கையோடுதான் வந்தான். கடையில் நின்ற யதுர்ஷன் இறைச்சி வெட்டும் கத்தியை எடுத்து அவன் கழுத்தில் வெட்டினான். அந்தப் பிள்ளை மரக்கறிப் பெட்டிகளின் மேல் விழுந்தான். நான் போட்டிருந்த சேட்டைக் கழற்றி அமத்திப் பிடித்தேன். இரத்தம் நிற்கவில்லை. என் மடியிலேயே செத்துப்போனான்.

பொலிசைக் கூப்பிட்டது நான்தான். அவர்கள் வரும்வரை கடையைப் பூட்டி, மகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விலங்கு போடும்போது அவன் கத்தினான்: "போன முறை மன்னிச்சனீங்கள்தானே அப்பா, இப்ப மட்டும் என்ன?"

தலைவர் பதவியை விட்டுவிட்டேன். செத்தவீட்டுக்கு வரவேண்டாம் என்று ஜோனத்தானின் தாய் ஆள் அனுப்பினா. என் மனைவி வசந்தரூபி அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள், சாப்பிடுகிறாள் இல்லை. அவளுக்கு ஒருக்கால் போன் எடுத்துப் பேசுங்கோ.

நீங்கள் சொன்னது எல்லாம் சரி, அக்கா. அதனால்தான் கேட்கிறேன், இனி எனக்கு எழுதாதேங்கோ.

தவசீலன்