சம்பந்தியம்மா கட்டிவந்த சந்தா

ஷென்யாங்

அன்பு மக ஷூயுன்னுக்கு அம்மா எழுதுறது. நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாம இருக்கோம், நீயும் மாப்பிள்ளை டோங்ஹாயும் அங்க அப்படியே இருக்கணும்னு நெனச்சுக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, வீட்டுச் சூட்டுக்குழாய் இந்த வருஷம் ஒழுங்கா சுடுது, முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடி நெறைய கெடக்கு, தின்னத்தான் ஆளில்லை. போன் இருக்க இவ எதுக்குக் கடுதாசி எழுதுறான்னு பயந்துடாதே, இது போன்ல பேசற விஷயமில்லை. மேல்வீட்டு லியாவ் மக உங்க ஊருக்குத்தான் வரா, அவ கையில குடுத்தனுப்புறேன். இதைப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அந்த விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிடாதே தாயே.

குளிர்காலத்து டோங்ஜி பண்டிகை அன்னைக்கு உன் மாமியார் சுலானை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். புருஷனும் போய்ச் சேர்ந்தாச்சு, ஒரே புள்ளையும் கடல் தாண்டிப் போயாச்சு, பண்டிகையும் அதுவுமா தனியா என்னத்தைத் திங்கப்போறாங்கன்னுதான். ரெண்டு பேரும் உக்காந்து கொழுக்கட்டை பிடிச்சுக்கிட்டிருந்தோம். என் வாய் சும்மா இருக்குமா? நீங்க அமெரிக்காவுலயே தங்கறதுக்கு விண்ணப்பம் எழுதிப் போடப்போறதைச் சொன்னேன். கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்களை அங்க தங்க விடமாட்டாங்க, மாப்பிள்ளை காலேஜ்ல படிக்கறப்போ கட்சியில சேர்ந்ததை மறைக்காம எழுதணும்னு வக்கீல் சொன்னதையும், விலகி அஞ்சு வருஷம் தாண்டிட்டா விட்டுடுவாங்கன்னதையும், இவர் விமானம் ஏறினப்பவே கட்சிச் சந்தாவை நிறுத்திட்டதால பேர் தானா போயிருக்கும், பயமில்லைன்னு நீ சொன்னதையும் ஒண்ணுவிடாம ஒப்பிச்சேன். அந்தம்மா கையில இருந்த மாவைக் கீழ வச்சாங்க. "யார் நிறுத்தினது? என் புள்ள பேரை அழிய விட்டுடுவேனா சம்பந்தி? மாசாமாசம் நான்தானே போய்க் கட்டறேன்"னு சொன்னாங்க, அதுவும் எவ்வளவு பெருமையா!

விஷயம் இதுதான். நம்ம தெருக் கட்சிக் கிளைச் செயலாளர் ஹாவ் இருக்காரே, எப்பப் பார்த்தாலும் சீட்டு ஆடுற அந்தக் கிழவர், அவர்தான் சொல்லியிருக்கார், "பேர் போயிட்டா பையன் திரும்பி வந்து நல்ல உத்தியோகத்துக்கு எங்கம்மா போவான்"னு. உடனே இவங்க புள்ளை பேரைத் தெருக் கிளைக்கு மாத்தி, அவனுக்குப் பதிலா கட்ட ஆரம்பிச்சிருக்காங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை, படிப்புல கவனம் போயிடுமாம். மாப்பிள்ளை விலகிட்டேன்னு அங்க நெனச்சுக்கிட்டிருக்கார், இங்க அவர் இன்னைக்கும் உறுப்பினர்!

உங்கப்பாகிட்ட சொன்னா, "விடுடி, அமெரிக்காக்காரன் வந்து நம்ம ஹாவ்கிட்ட விசாரிக்கப்போறானா? தெரியாத மாதிரி இருந்துட்டாப் போச்சு"ங்கறார். எனக்கு வந்த கோவத்துக்கு அவர் தட்டைப் பிடுங்கி வச்சிட்டேன். நேத்து வரைக்கும் உங்களுக்குத் தெரியாது, சரி. இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே, தெரிஞ்சும் சொல்லாம நான் உன்னைக் கையெழுத்துப் போட விடறதா? அந்த விண்ணப்பம் உன் வேலையை வச்சுப் போடறது, மாப்பிள்ளை உன் கூடச் சேர்ந்து வரார். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா ரெண்டு பேருக்கும்தான் ஆபத்து. கதவு தட்டற சத்தம் கேட்டா நெஞ்சு பதறுற வாழ்க்கை உனக்கு வேண்டாம்டி. வக்கீல்கிட்ட போங்க, மாமியார் தெரியாம செஞ்சுட்டாங்கன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. அவர் என்ன வழி சொல்றாரோ, அதுக்கு எத்தனை காலம் ஆனாலும் ஆகட்டும். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை எனக்கு, வழியே இல்லேன்னு அவர் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயமாத்தான் இருக்கு.

இதையெல்லாம் பண்டிகை அன்னைக்கே சுலான்கிட்டயும் பக்குவமாச் சொன்னேன். கொழுக்கட்டை கொதிச்சு ஒடைஞ்சுக்கிட்டிருக்கு, எடுக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணலை. அந்தம்மா, "அங்கேயே தங்கறதுன்னா, எதுவரைக்கும்?"னு கேட்டாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, மாப்பிள்ளை இன்னும் பெத்தவகிட்ட இதைச் சொல்லவேயில்லை. விமான நிலையத்துல, படிப்பு முடிஞ்சதும் வந்துடுவேன்னு சொன்னாராம், அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேச்சே இல்லையாம். மாப்பிள்ளை மேல எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா? அந்தம்மா ஒடைஞ்ச கொழுக்கட்டையில நாலு வாய் தின்னுட்டு, மப்ளரைச் சுத்திக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

இந்தக் கடுதாசியை ஒட்டப்போற நேரத்துல சுலான் திரும்ப வந்தாங்க. ஹாவ்கிட்ட போய், பையன் பேரை எடுத்துடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாம். புள்ளை கையெழுத்தும் வேணும்னாராம், அதை வக்கீலைக் கேட்டுக்கிட்டு அனுப்புங்க. அஞ்சு வருஷக் கணக்கு இனிமேதான் ஆரம்பிக்கும்னா அதையும் மறைக்காம சொல்லுங்க. ஹாவ் சீட்டைக் கீழ வச்சிட்டு, "ஏம்மா, பையன் இனிமே வரமாட்டானா?"ன்னு கேட்டிருக்கார். "வரமாட்டான்"னு சொல்லிட்டு வந்தேன் சம்பந்தின்னாங்க. பெத்த புள்ளை சொல்லவேண்டிய வார்த்தையை அந்தம்மாவே நாலு பேர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்காங்க.

இருமல் இருந்தா பேரிக்காயை வேகவச்சு சாப்பிடு, கழுத்தை மூடிக்கிட்டு வெளியே போ. நீங்க ரெண்டு பேரும் எந்த நாட்டுல இருந்தாலும் பயமில்லாம, நல்லபடியா இருக்கணும், அது ஒண்ணுதான் எங்களுக்கு வேணும். மறந்துடாதே, மாப்பிள்ளையை இன்னைக்கே அவங்கம்மாவுக்குப் போன் பண்ணச் சொல்லு. கட்சி, காகிதம்னு ஒரு வார்த்தை வேண்டாம். சாப்பிட்டியாம்மான்னு கேட்கட்டும். அன்னைக்குத் தின்ன நாலு வாயோட சரி, அந்தம்மா இன்னும் சாப்பிடலை.

உன்னையே நெனச்சுக்கிட்டிருக்கும்
அம்மா